கண்ணாடிக் குவளையும் கரிசல் ஊருணியும்

கோவில்பட்டிக் கரிசலில் துத்தநாகத்தைப் போட்டால், போட்ட இடத்திலேயே படுத்துக்கொள்ளும். மண்ணில் சுண்ணாம்பு மிகுதி, பி.எச். அளவு எட்டைத் தாண்டும். அந்தக் காரத்தில் துத்தநாகம் கரையாத உப்பாக இறுகிப்போவதால் வேருக்கு எட்டுவதில்லை. மக்காச்சோளக் குருத்து வெளுத்து நிற்கும்போதுதான் சம்சாரிக்கு விஷயம் தெரியவரும். எக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் போடுங்கள், அல்லது அரை சதவீதக் கரைசலாக இலையில் தெளியுங்கள் என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் வெகுநாளையப் பரிந்துரை. உரக்கடையில் இதற்கு ஒரே பெயர்தான்: ஜிங்க்.

இந்த ஜிங்க் இப்போது நானோ உருவில் வருகிறது. 2021இல் அரை லிட்டர் பாட்டிலில் நானோ யூரியா வந்தது. அடுத்து நானோ டிஏபி. 2024இல் இஃப்கோ நிறுவனத்தின் நானோ துத்தநாகத்தையும் நானோ செம்பையும் மத்திய அரசு உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் மூன்றாண்டுகளுக்கு அனுமதித்தது. யூரியாவும் டிஏபியும் பயிர் தின்று தீர்க்கும் சரக்கு. துத்தநாகமும் செம்பும் உலோகங்கள். எந்த உயிரும் அவற்றைத் தின்று இல்லாமல் ஆக்கிவிட முடியாது. இலையில் ஒட்டாதது மண்ணுக்கு வரும். ஐப்பசி மழையில் மண்ணோடு கரைந்து ஓடைக்கும், ஓடையிலிருந்து கண்மாய்க்கும் ஊருணிக்கும் போகும். கோவில்பட்டி நகரத்துக் குழாய்க்குச் சீவலப்பேரியிலிருந்து தாமிரபரணி வந்துவிடுகிறது. சுற்றுப்பட்டு ஆடுமாடுகளுக்கும் கொக்கு நாரைகளுக்கும் ஊருணிதான் கதி. அந்தத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் துள்ளிக்கொண்டிருக்கும் சிற்றுயிர்களுக்கு நானோ உலோகம் என்ன செய்யும் என்ற கேள்விக்கு உலகெங்கும் சுமார் இருபது ஆண்டுகளாக விடை தேடுகிறார்கள். கிடைத்த விடைகளில் பல கண்ணாடிக் குவளைக்குள் சரியானவை. ஊருணிக்கரைக்குக் கொண்டுவந்தால் தடுமாறுகின்றன.

நானோ என்பது அளவின் பெயர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகக் கூறுபோட்டால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர்; அதில் ஒன்றிலிருந்து நூறு வரை உள்ள துகள்களை நானோத்துகள் என்கிறார்கள். முழுக் கருப்பட்டியைத் தண்ணீரில் போட்டால் கரைய நேரமாகும், இடித்துப் போட்டால் மடமடவென்று கரையும். எடை அதேதான், தண்ணீரைத் தொடும் பரப்பு கூடிவிடுகிறது. நானோவின் வித்தையில் பாதி இதுதான். பயிருக்குக் கொஞ்சம் போட்டால் போதும் என்ற நன்மையும், மற்ற உயிருக்குக் கொஞ்சமே போதுமோ என்ற அச்சமும் ஒரே காரணத்திலிருந்து கிளம்புகின்றன.

சோதனைக்கு ஏன் சிற்றுயிர்? டாஃப்னியா என்னும் நீர்த்தெள்ளு, அதன் சிறிய உறவான செரியோடாஃப்னியா, சென்னைக் கொளத்தூரில் வண்ணமீன் வளர்ப்பவர்கள் தொட்டி தொட்டியாகப் பெருக்கும் மொய்னா, உப்பளங்களில் வாழும் ஆர்ட்டீமியா எல்லாம் தண்ணீரை வடிகட்டித் தின்பவை. கால்களைத் துடுப்பாகப் போட்டு நீரை இழுத்து, அதில் மிதப்பதை வாய்க்கு அனுப்பும். பாசித்துணுக்கு வந்தாலும் செம்புத்துகள் வந்தாலும் அவற்றுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஆண் துணை இல்லாமலே நீர்த்தெள்ளு குஞ்சு பொரிக்கும் என்பதால் ஒரே தாயின் அச்சுப் பிரதிகளாக நூற்றுக்கணக்கில் கிடைக்கும். உடல் கண்ணாடி போன்றது. குடலில் என்ன கறுத்துக் கிடக்கிறது என்பதை உருப்பெருக்கியில் நேராகப் பார்க்கலாம். அமெரிக்காவில் பி. ஜி. ஆண்டர்சன் 1944இலேயே ஆலைக்கழிவில் வரும் பொருள்களின் நஞ்சை நீர்த்தெள்ளைக் கொண்டு அளந்து பட்டியலிட்டார்.

செய்முறையும் எளிது. பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பான ஓஇசிடியின் 202ஆம் எண் நெறிமுறையைத்தான் உலக ஆய்வகங்கள் பெரும்பாலும் பின்பற்றுகின்றன. பிறந்து ஒரு நாள் ஆகாத குஞ்சுகள், குவளைக்கு ஐந்து. ஒவ்வொரு நஞ்சு அளவுக்கும் நான்கு குவளை, ஆக இருபது உயிர். இருபது டிகிரி ஒட்டிய வெப்பம். தீனி கிடையாது. 24 மணி நேரத்தில் ஒருமுறையும் 48 மணி நேரத்தில் ஒருமுறையும் எண்ணிக்கை. குவளையை மெல்ல அசைத்துவிட்டுப் பதினைந்து வினாடி பொறுத்துப் பார்ப்பார்கள். அதற்குள் நீந்தாத குஞ்சு அசைவற்றதாகக் கணக்கில் ஏறும். நஞ்சில்லாத குவளையிலேயே நூற்றுக்குப் பத்துக்கு மேல் அசைவற்றுப்போனால் அன்றைய உழைப்பு முழுதும் குப்பைக்கு. பாதிக் குஞ்சுகளை முடக்கும் அளவு எதுவோ அதுவே அந்தப் பொருளின் நஞ்சு எண்.

உப்பையோ பூச்சிமருந்தையோ சோதிக்க இது போதும். கரைந்த பொருள் கரைந்தே இருக்கும். காலையில் ஊற்றியதுதான் மாலையிலும் குவளையில் இருக்கும். நானோத்துகள் அப்படி அடங்கி இருப்பதில்லை. ஒன்றோடொன்று ஒட்டித் திரளும், திரண்டு அடியில் படியும், ஒரு பங்கு கரைந்து அயனியாகும், நீரில் உள்ள எதையாவது மேலே பூசிக்கொண்டு வேறு ஆளாக மாறும். லிட்டருக்குப் பத்து மில்லிகிராம் ஊற்றினோம் என்று எழுதுபவர், குஞ்சு உண்மையில் சந்தித்தது எவ்வளவு என்று தனியே அளந்தாக வேண்டும். அளக்காமல் விட்ட ஆய்வுகள் ஏராளம்.

இந்தத் துறை தொடக்கத்திலேயே ஒரு சறுக்கலைப் பார்த்துவிட்டது. 2004இல் அமெரிக்க ஆய்வாளர் ஈவா ஓபர்டோர்ஸ்டர், ஃபுல்லரீன் என்னும் கார்பன் நானோத்துகள் மீனின் மூளையில் கேடு விளைவித்ததாக அறிவித்தார். செய்தித்தாள்கள் அதைத் தூக்கிப் பிடித்தன. 2007இல் வரிக்குதிரை மீன் குஞ்சுகளில் வேறொரு குழு சோதித்துப் பார்த்தபோது, அந்த வகைத் தயாரிப்பில் ஃபுல்லரீனைத் தண்ணீரில் கலக்கப் பயன்பட்ட டெட்ராஹைட்ரோஃபியூரான் என்னும் கரைப்பான் சிதைந்து தந்த பொருள்களே நஞ்சாக நின்றன. அது உலோகம் அல்ல என்றாலும் உலோக நானோ ஆய்வுக்கு அதில் பாடம் உண்டு. துகளோடு கூட வந்ததையும் தனியே சோதிக்க வேண்டும்.

உலோகத்தில் கூட வருவது பெரும்பாலும் அயனி. எஸ்டோனியாவின் தாலின் நகர ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஒப்பீடு இன்றும் எடுத்துப் பார்க்கத் தக்கது. துத்தநாக ஆக்சைடு, செம்பு ஆக்சைடு, டைட்டானியம் டைஆக்சைடு மூன்றையும் சாதாரணத் தூளாகவும் நானோவாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். டைட்டானியம் லிட்டருக்கு 20 கிராம் அளவில்கூட நஞ்சாகவில்லை. செம்பில் நானோ உருவம் சாதாரணத் தூளைவிட நீர்த்தெள்ளுக்குச் சுமார் ஐம்பது மடங்கு கொடியதாக இருந்தது. துத்தநாகத்திலோ நானோவுக்கும் தூளுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டிலும் கொன்றது கரைந்து வெளிவந்த துத்தநாக அயனிதான். ஆஸ்திரேலியாவில் பாசியை வைத்துச் செய்த 2007ஆம் ஆண்டு ஆய்வும் துத்தநாகத்தைப் பற்றி இதையே சொன்னது. ஆக, ‘நானோ என்றாலே நஞ்சு’ என்ற பேச்சும் ‘நானோ என்றாலே சமர்த்து’ என்ற விளம்பரமும் ஒரே மேசையில் ஒரே வாரத்தில் பொய்த்துப்போகக் கூடியவை.

அந்த ஒப்பீட்டில் இன்னொரு எண்ணும் உண்டு. நானோ துத்தநாக ஆக்சைடு லிட்டருக்கு 3.2 மில்லிகிராம் அளவில் பாதி நீர்த்தெள்ளுகளை முடக்கியது. தாம்னோசெஃபாலஸ் என்ற இன்னொரு சிற்றுயிருக்கு 0.18 மில்லிகிராமே போதுமாக இருந்தது. கிட்டத்தட்ட பதினெட்டில் ஒரு பங்கு. தாம்னோசெஃபாலஸ் என்பது மழைக்குட்டைகளில் தோன்றி, குட்டை வற்றும்போது மறையும் ஓர் இறால் இனம். அதன் உறவினர்கள் தமிழகத்துக் குட்டைகளிலும் உண்டு. அவர்களிடம் கடைசியில் வரலாம்.

தமிழ்நாட்டில் இந்தச் சோதனைகள் குறைவில்லாமல் நடக்கின்றன. வேலூர் விஐடியின் நானோ உயிரித் தொழில்நுட்ப மையம் செரியோடாஃப்னியா டூபியாவை வைத்து அலுமினிய ஆக்சைடையும் டைட்டானியத்தையும் சோதித்து 2013இல் வெளியிட்டது. அந்த ஆய்வுகளில் பாராட்ட வேண்டியது அவர்கள் எடுத்துக்கொண்ட தண்ணீர். ஆய்வகத்தில் கலக்கிய செயற்கை நீருக்குப் பதில் ஏரி நீரை வடிகட்டிப் பயன்படுத்தினார்கள். காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்குபெற்ற 2017ஆம் ஆண்டு ஆய்வு, தாவரச் சாற்றால் செய்த துத்தநாக ஆக்சைடு நானோத்துகளைச் செரியோடாஃப்னியா கார்னூட்டாவில் சோதித்தது. வெப்பநாட்டு நீர்நிலைக்கு உரிய உயிர் அது. குளிர்நாட்டு டாஃப்னியா மேக்னாவை இருபது டிகிரியில் வளர்க்கக் குளிர்சாதனத்துக்குச் செலவழிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

தாவரச் சாறு என்றதும் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். வேப்பிலை, துளசி, ஆவாரை என்று கையில் கிடைத்த இலையை வேகவைத்து வடித்து, வெள்ளி நைட்ரேட் கரைசலில் ஊற்றினால் இளமஞ்சள் நீர் சிறிது நேரத்தில் பழுப்பாகும். வெள்ளி நானோத்துகள் தயார். தமிழகக் கல்லூரி ஆய்வகங்களில் இந்தப் பழுப்பைப் பார்க்காத முதுகலை மாணவர் குறைவு. ‘பசுமைத் தயாரிப்பு’ என்ற பெயர் வேறு. கொசுப்புழுவுக்குக் கொடுத்துச் சாகிறதா என்று பார்ப்பதும், அடுத்த குவளையில் ஆர்ட்டீமியாவை விட்டுப் பார்ப்பதும் வழக்கம். கோளாறு இங்கேதான். வெள்ளி நைட்ரேட் லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் இருந்தாலே நீர்த்தெள்ளு பிழைக்காது. பத்து மில்லிகிராம் வெள்ளி கொடுக்கும்போது அதில் நூற்றில் ஒரு பங்கு துகளாக மாறாமல் அயனியாகவே தங்கியிருந்தால், அந்த ஒரு பங்கே நூறு மைக்ரோகிராம். குஞ்சைக் கொன்றது துகளா, மிச்ச வெள்ளியா? மையச்சுழற்சியில் துகளைப் பிரித்து, எஞ்சிய தெளிநீரையும் வெறும் இலைச்சாற்றையும் தனித்தனிக் குவளையில் வைக்காத வரை விடை கிடையாது. இலை பச்சை என்பதால் வெள்ளி பச்சையாகிவிடாது.

ஆர்ட்டீமியாவுக்குக் கோவில்பட்டி இருக்கும் இந்த மாவட்டத்தில் தனிக் கதை. குஜராத்துக்கு அடுத்தபடி நாட்டில் உப்பு விளையும் இடம் தூத்துக்குடி. அந்த உப்பளங்களில் பெண் மட்டுமே வாழ்ந்து, பெண்ணையே ஈன்றுவந்த உள்ளூர் ஆர்ட்டீமியா உண்டு. இறால் குஞ்சுப் பொரிப்பகங்களுக்குத் தீனியாக வெளிநாட்டு ஆர்ட்டீமியா முட்டை இறக்குமதியானது. அமெரிக்க இனமான ஃபிரான்சிஸ்கானா உப்பளங்களில் புகுந்து உள்ளூர் இனத்தை விரட்டிவருவதை இந்திய மீன்வள ஆய்வாளர்கள் 2012இல் பதிவுசெய்தார்கள். ஆய்வகத்திலும் அதே கூத்துதான். முட்டைகளுக்குப் பேர்போன சந்தை அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து உப்பேரி. அங்கே வாழ்வது ஃபிரான்சிஸ்கானா. ஆனாலும் அந்த முட்டையைப் பொரித்துச் சோதித்துவிட்டு, மத்தியதரைக்கடல் இனமான ‘ஆர்ட்டீமியா சலைனா’ என்று எழுதும் கட்டுரைகள் அடுக்கடுக்காக வந்துள்ளன. ஊர் பேர் தெரியாத சாட்சியை வைத்து வழக்கு நடத்துவது போல.

தகர டப்பாவைத் திறந்தால் பழுப்புத் தூள், முறுக்கு மாவு போல நுண்மை. ஒரு சிட்டிகையை 28 டிகிரி உப்புநீரில் போட்டுக் காற்றுக் குமிழ் விட்டால் ஒரே நாளில் ஆரஞ்சு நிறக் குஞ்சுகள் பொரிந்து குதிக்கும். ஒரு மூலையில் விளக்கை வைத்தால் எல்லாம் அங்கே கூடும். குழாயால் உறிஞ்சி எடுத்துக்கொள்ளலாம். இவ்வளவு சுலபம் என்பதால்தான் கல்லூரிகளுக்கு ஆர்ட்டீமியா மேல் காதல். ஒரு நுட்பம் தவறிப்போகிறது. பொரிந்த குஞ்சு முதல் சில மணி நேரம் வாயைத் திறக்காது. மஞ்சள் கருவிலேயே காலம் தள்ளும். முதல் தோலைக் கழற்றிய பிறகே வடிகட்டித் தின்னும். தின்னாத குஞ்சுக்குத் துகளைக் கொடுத்துவிட்டு ‘பாதுகாப்பானது’ என்று முடிவுகட்டினால் அது பட்டினி கிடந்தவனிடம் சாப்பாட்டு ருசி கேட்ட கதை. போதாக்குறைக்கு, உப்புநீரில் வெள்ளி குளோரைடோடு சேர்ந்து படியும், மற்றத் துகள்களும் விரைவில் திரளும். உப்பளத்து எண்ணை நன்னீர் ஊருணிக்குச் சான்றாக நீட்டுவதில் நியாயம் இல்லை.

சரி, ஊருணித் தண்ணீர் எப்படிப்பட்டது? முதல் மழையில் அது காபி நிறம். கரிசல் களிமண் நுண்துகள்கள் நாள்கணக்கில் தெளியாமல் நிற்கும். நானோத்துகள் இந்தக் களியோடு ஒட்டிக்கொண்டு அடிக்குப் போகும். நீரின் கடினத்தன்மையும் துகளைத் திரட்டும். கால்சியம் கூடினால் துத்தநாக அயனியின் கொடுமையும் குறையும். இந்த வகையில் ஊருணி ஒரு நல்ல காவல்காரர்.

வெயிலைக் கணக்கில் சேர்த்தால் காவல் கெடுகிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் டுலூத் ஆய்வகத்தோடு இணைந்தவர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வக விளக்கொளியில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் டைட்டானியத்தையும் தாங்கிய நீர்த்தெள்ளு, சூரிய ஒளிக்கு ஒப்பான ஒளியில் 0.03 மில்லிகிராமிலேயே பாதி மடிந்தது. வேலூர் ஆய்விலும் இருட்டைவிட வெளிச்சத்தில் நஞ்சு கூடியது. தாலின் நகர மேசையில் அப்பாவியாக இருந்த டைட்டானியம், சித்திரை வெயிலில் அப்பாவியாக இருக்கும் என்று எப்படி நம்புவது? கரிசல் கோடையில் ஆழமற்ற ஊருணி நீர் இருபது டிகிரியைக் கனவில்தான் காணும்.

நேரமும் ஏமாற்றும். ஜெர்மனியின் லாண்டாவ் நகர ஆய்வாளர்கள் 2011இல் காட்டியது இது: டைட்டானியத் துகள் நீர்த்தெள்ளின் ஓட்டின்மேல் மாவு பூசியது போலப் படிகிறது. 48 மணி நேரத்தில் எந்தக் கேடும் தெரியவில்லை. சோதனையை 96 மணி நேரத்துக்கு நீட்டியதும் குஞ்சுகள் சட்டை கழற்ற முடியாமல் சிக்கி மடிந்தன. நெறிமுறைப்படி இரண்டாம் நாளே கடையைக் கட்டியிருந்தால் அந்தப் பொருளுக்கு நற்சான்று கிடைத்திருக்கும்.

குவளையை விட்டு வெளியே வந்து ஒரு முழு ஏரியிலேயே சோதித்தவர்களும் உண்டு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஆய்வுக்கென்றே ஒதுக்கிய ஏரிகளில் 222ஆம் எண் ஏரியில் 2014, 2015 கோடைகளில் நானோ வெள்ளியைத் தொடர்ந்து விட்டார்கள். மஞ்சள் பெர்ச் மீன்களின் ஈரலில் வெள்ளி சேர்ந்தது, மீன்களின் எண்ணிக்கையும் சரிந்தது. வெள்ளி அடிவண்டலிலும் போய்த் தங்கியது. ஒரே நாளில் செத்து மிதந்த மீன் என்று படம் பிடிக்க அங்கே எதுவும் இல்லை. மெதுவாக நடந்தது.

இந்தியாவில் உயிரித் தொழில்நுட்பத் துறை 2020 ஜூலையில் நானோ வேளாண் இடுபொருள்களை மதிப்பிட வழிகாட்டி வெளியிட்டது. அதே ஆண்டில் ஓஇசிடியும் நானோப் பொருளை நீரிலும் வண்டலிலும் சோதிக்கத் தனி வழிகாட்டி தந்தது. துகள் எவ்வளவு மிதந்தது, எவ்வளவு கரைந்தது என்று சோதனை நடக்கும்போதே அளக்கச் சொல்கிறது அது. வண்டலைச் சேர்த்ததுதான் கரிசலுக்கு வேண்டிய பகுதி.

ஒரு முரட்டுக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐம்பது மீட்டர் நீள அகலமும் இரண்டு மீட்டர் ஆழமும் உள்ள ஊருணி ஐம்பது லட்சம் லிட்டர் பிடிக்கும். ஒரு எக்டேருக்கு அரை சதவீதத் துத்தநாக சல்பேட் கரைசலை 500 லிட்டர் தெளித்தால் அதில் துத்தநாகம் மட்டும் அரை கிலோ. முழுதும் கழுவிக்கொண்டு ஊருணிக்கே வந்தாலும் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம். ஐந்து எக்டேர் சேர்ந்தால் 0.5. தாம்னோசெஃபாலஸைப் பாதியாக்கிய 0.18ஐ அது தாண்டிவிடுகிறது. இது பழைய ஜிங்க்கின் கணக்கு என்பதைக் கவனிக்க வேண்டும். உரம் வீணாகாமல் குறைந்த அளவில் வேலை செய்வதாக நானோ சொல்லிக்கொள்வது மெய்யானால் ஊருணிக்கு வரும் உலோகம் கூடாது, குறையும். நானோவை எதிர்ப்பவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதே இல்லை. ஆதரிப்பவர்களோ களியோடு அடியில் போனதைக் கணக்கிலிருந்து கழித்துவிடுகிறார்கள். தண்ணீர் தெளிந்துவிட்டது, சரி. சேற்றில் யார் இருக்கிறார்கள்?

தமிழகத்து மழைக்குட்டைகளில் ஸ்ட்ரெப்டோசெஃபாலஸ் டைகோடோமஸ் என்றொரு இறால் இனம் வாழ்கிறது. ஆங்கிலத்தில் ஃபேரி ஷ்ரிம்ப் என்று சொல்லும் குடும்பம். மல்லாந்தபடி நீந்தும், கால்கள் வானத்தைப் பார்த்து அலையடிக்கும். சென்னைப் பல்கலைக்கழக விலங்கியல் ஆய்வாளர்கள் இதன் முட்டைகளைப் பற்றி விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். குட்டை வற்றுமுன் தாய் இட்ட முட்டை, தடித்த ஓட்டுக்குள் உயிரை அடக்கிக்கொண்டு அடிமண்ணில் காயும். வெயில், வறட்சி, மாட்டுக் குளம்பு எல்லாம் தாங்கும். மழைத்தண்ணீர் பட்டதும் பொரிந்து, சில வாரங்களில் வளர்ந்து, மறுபடி முட்டையிட்டுப் போய்ச் சேரும். நானோ உலோகம் களியோடு படிவதும் அந்த அடிமண்ணில்தான், அடுத்த ஆண்டுக்கான முட்டை காத்துக்கிடப்பதும் அதே அடிமண்ணில்தான். தண்ணீரில் மிதக்கும் குஞ்சுக்கு 48 மணி நேரம் என்று வகுத்த சோதனை இந்த முட்டையின் பக்கமே வருவதில்லை.

இந்த முட்டையைச் சோதிப்பது வழிகாட்டிக்குக் காத்திருக்காமல் தொடங்கக்கூடிய வேலைதான். வைகாசியில் வெடித்துக் கிடக்கும் ஊருணியின் அடிமண்ணைக் கடப்பாரையால் பெயர்த்து, நிழலில் உதிர்த்து, சரிபாதியாகப் பிரித்து இரண்டு பிளாஸ்டிக் தொட்டிகளில் பரப்ப வேண்டும். ஒன்றில் வெறும் மழைத்தண்ணீர். மற்றொன்றின் மண்ணில் மட்டும், வயலில் அடிக்கும் அளவுக்குக் கணக்குப் பார்த்து நானோ துத்தநாகம் கலந்து, காயவிட்டு, அதே மழைத்தண்ணீர். பக்கத்திலேயே மூன்றாவதாக, பழைய துத்தநாக சல்பேட் கலந்த மண் ஒன்றும் இருந்தால் வழக்கு முழுமையாகும். வெயில் படும் இடத்தில் வைத்து, காலையும் மாலையும் வெள்ளைப் பீங்கான் தட்டில் ஒரு அகப்பைத் தண்ணீர் மொண்டு, மல்லாந்து நீந்துவன எத்தனை என்று எண்ண வேண்டும்.